பந்தலடிக்கு அப்புறம்



என் ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. தேசிங்குராஜன் கதை முழுக்கத் தெரியும். விதை மல்லாட்டை உடைக்கும் நாட்களில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து சொல்வார். பெரிய எழுத்துப் புத்தகத்தை யாரோ வாசிக்கக் கேட்டுக் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொண்ட கதை அது. யாருக்கும் அடங்காத பாராசாரிக் குதிரையைத் தில்லியில் அடக்கும் இடம் வேகமாக ஓடிவிடும். நவாபின் ஆள் பாக்கிப் பணம் கேட்டு வரும் இடமும் அப்படியே. தேசிங்கின் சிநேகிதனுக்குக் கல்யாணம் நடக்கும் வழுதாவூர் வந்ததும் ஆயாவின் கை நின்றுவிடும். உடைத்த கொட்டை விரலிடுக்கிலேயே இருக்கும்.

"மோவுத்துக்காரன் கல்யாணப் பந்தல்ல குந்தியிருக்கான். செஞ்சியிலேர்ந்து சேதி வருது. அவன் என்னா பண்ணான் தெரியுமா?"

தெரியும். மணக்கோலத்தோடு நீலவேணிக் குதிரையின் முதுகில் ஏறிவிட்டான். எத்தனையோ முறை கேட்ட கதைதான். இருந்தாலும் "என்னா பண்ணான்?" என்று நான் கேட்க வேண்டும், கதையில் அது என் பங்கு. ஒருநாள் கேள்வியை மாற்றினேன். "அந்தப் பொண்ணு என்னா ஆச்சு ஆயா?"

"அது பாட்டுல இல்லடா" என்று சொல்லிவிட்டு அடுத்த கொட்டையை எடுத்தார்.

புராணத்திலிருந்தும் நாட்டார் கதையிலிருந்தும் பால்புதுமையர் காதல் கதைகளை எழுதுவது பற்றிப் பேச வேண்டும் என்று இந்தக் கூட்டத்தை நடத்தும் அறக்கட்டளையார் கேட்டார்கள். நான் ஆணை நேசிக்கும் ஆண். என் கதைகளைப் படித்தவர்களுக்கு இது தெரியும். சொந்த ஊரில், கோட்டை மலை தெரிகிற மேடையில், ஒலிபெருக்கி முன்னால் நின்று இன்றுதான் முதல் முறையாகச் சொல்கிறேன். சொல்லிவிட்டதால் மிச்சத்தை நிதானமாகப் பேச முடியும்.

தேசிங்கிலிருந்தே தொடங்குகிறேன். வரலாற்றில் அவன் பெயர் தேஜ்சிங். செஞ்சிக் கோட்டையை ஆண்ட சொரூப்சிங் புந்தேலாவின் மகன். 1714-இல் தந்தை இறந்ததும் புந்தேல்கண்டிலிருந்து வந்து பட்டத்தில் உட்கார்ந்தான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பாக்கியைக் கேட்டார். இவன் தர மறுத்தான். அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று போரில் விழுந்தான். வயது 22 என்பார்கள். முழுதாக ஓர் ஆண்டு கூட ஆளவில்லை. ஆனந்தக் கோன் வழியினரும் விஜயநகர நாயக்கர்களும் மராத்தியரும் ஆண்ட கோட்டை இது. சத்ரபதி ராஜாராம் எட்டு ஆண்டுகள் முகலாய முற்றுகையைத் தாங்கி நின்றதும் இங்கேதான். 2025-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது அந்த மராத்தியக் கோட்டைகளின் வரிசையில் வைத்துத்தான். ஆனால் ஊர்க்காரரைக் கேளுங்கள், தேசிங்கு கோட்டை என்பார். சில மாதம் ஆண்ட இருபத்திரண்டு வயதுப் பையனிடம் இந்த ஊர் மனத்தைக் கொடுத்ததற்குக் காரணம் அந்தக் கதைப்பாடல்.

அந்தப் பாடல் எங்கே வேகமாக ஓடுகிறது, எங்கே நின்று மூச்சு விடுகிறது என்று பாருங்கள். போருக்குப் புறப்படும் தேசிங்கு சிங்கவரம் ரங்கநாதரிடம் உத்தரவு கேட்கப் போகிறான். பாறையில் 24 அடி நீளத்துக்குப் பள்ளிகொண்டிருக்கும் அந்தப் பெருமாள் 'போகாதே' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதாக இன்றும் அங்கே போகிறவர்களுக்குச் சொல்கிறார்கள். அடுத்து மனைவி ராணிபாயிடம் விடைபெறுகிறான், இடையில் திரையைப் போட்டுக்கொண்டு. மனைவிக்குத் திரை. தெய்வத்துக்குத் திரும்பிய முகம். நேருக்கு நேர் ஒரு முகம் அவனுக்குக் கிடைப்பது வழுதாவூரிலிருந்து புழுதி பறக்க வந்து இறங்கும் மகபத்கானிடம்தான், பாட்டில் வரும் மோவுத்துக்காரனிடம். அவன் முதலில் விழுகிறான். அதன்பின் தேசிங்கு தன் வாளை மேலே எறிந்து மார்பில் ஏந்திக்கொள்கிறான்.

இதை வைத்து நான் எழுதிய முதல் கதையை ஓர் இதழ் திருப்பி அனுப்பியது. சரித்திர புருஷரை இழிவுபடுத்துகிறதாம். அப்போது பதில் எழுதத் தெரியவில்லை. இப்போது தெரியும். அவர்கள் இருவரும் காதலர்கள் என்று நான் வரலாறு எழுதவில்லை. 1714-இல் இரண்டு பேர் நெஞ்சில் என்ன இருந்தது என்பதற்கு ஆவணம் கிடையாது. பாட்டுக்கும் அது தேவைப்படவில்லை. பாட்டு தருவது ஒரே ஒரு சொல், சிநேகம். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு அடங்கும் என்பது உங்களுக்கே தெரியும். பள்ளித் தோழனும் சிநேகிதன்தான். ஊருக்குத் தெரியாமல் ஒருவன் ஒருத்தி வீட்டுக்குப் போய்வந்தால் அதற்கும் 'அவளோட சிநேகம்' என்றுதான் பேர். மொழியே கதவை முழுக்கச் சாத்தாமல் வைத்திருக்கும்போது நான் எதைப் போய் உடைக்க வேண்டும்? அந்தக் கதவருகே நின்று கேட்டதைத்தான் எழுதினேன்.

இழிவு என்ற சொல்தான் என்னை அதிகம் வருத்தியது. ஒருவனை இன்னொருவன் உயிரைவிட மேலாக நேசித்தான் என்றால் அது பெருமை. அதே நேசத்துக்கு உடம்பும் உண்டு என்றால் எப்படி இழிவாகும்? கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆனாலும் வடக்கிருந்த சோழன் புலவருக்கு இடம் ஒதுக்கச் சொன்னான், அவரும் வந்து சேர்ந்தார். பாடநூலில் அதை நட்பு என்று படித்தோம். நட்பு என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அந்தப் பாடத்தைப் பத்தாம் வகுப்பில் படித்தபோது பக்கத்துப் பெஞ்சில் இருந்தவனைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட ஒரு பையனுக்கும் அது சொந்தம். அவ்வளவுதான் கேட்கிறேன்.

மொழியைப் பற்றி இன்னும் கொஞ்சம். எழுதுகிறவர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்களுக்கு இது பயன்படலாம். இந்தியில் 'நான் போகிறேன்' என்று சொன்ன உடனே பேசுவது ஆணா பெண்ணா என்பதை வினை காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் வந்தேன், வந்தாய் என்றால் தெரியாது. வந்தான், வந்தாள் என்று படர்க்கைக்குப் போனால்தான் சிக்கல். அந்தப் படர்க்கையிலும் நம் பேச்சு ஒரு வழி வைத்திருக்கிறது. 'அவங்க வந்தாங்க.' 'வூட்ல கேட்டுட்டுச் சொல்றேன்.' கணவனைப் பற்றி மனைவியும், மனைவியைப் பற்றிக் கணவனும் இப்படித்தான் சொல்கிறார்கள். கட்டியவரை 'வூட்ல' என்ற ஒற்றைச் சொல்லில் வைத்துவிடுகிற ஊர் இது. இரண்டு ஆண்கள் வண்டிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரே வீட்டில் வாழும் கதை ஒன்றை முழுக்க இந்தப் பேச்சிலேயே எழுதினேன். எங்கள் தெருவில் ஒரு அண்ணி பாதி வரை படித்துவிட்டு, "இதுல பொம்பள யாருப்பா?" என்று கேட்டார். இருவரும் ஆண்கள் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "ரசம் யாரு வச்சா என்ன, சண்ட எங்கூட்டு சண்ட மாதிரியே இருக்குது" என்றார். எனக்குக் கிடைத்த மதிப்புரைகளில் அதுதான் உயர்ந்தது.

அகப்பாடல்களில் தலைவன் தலைவியின் இயற்பெயரைச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய மரபு. யாருடைய கதை என்று ஊர் கண்டுபிடித்துவிடக் கூடாது என்ற கவலை என் போன்றவர்களுக்கும் உண்டு. எங்கள் கடிதங்களிலும் பெயர் இருக்காது. ஆண்மை திரிந்தவர்களைத் தொல்காப்பியம் உயர்திணைக்குள் வைத்தே இலக்கணம் சொல்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு வந்த நூற்றாண்டுகளில் நம் வாயில் ஏறிய வசைச்சொற்கள் எத்தனை! 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், அடைக்கலம் தேடி வந்த இரண்டு பெண்களின் வழக்கில் தந்த தீர்ப்பைத் தொடர்ந்துதான் மரியாதையான சொற்களின் பட்டியல் ஒன்று 2022-இல் தமிழக அரசிதழில் வந்தது. தன்பாலீர்ப்பு, திருநம்பி, ஊடுபால் என்றெல்லாம் செய்தித்தாளில் இன்று பார்க்கிறோம். அந்தச் சொற்கள் வேண்டும், விண்ணப்பத்துக்கும் வழக்குக்கும் வேண்டும். கதைக்குள் மட்டும் நான் அவற்றைக் கொண்டுபோவதில்லை. தேசிங்கின் காலத்து மனிதன் தன்னை அப்படி அழைத்துக்கொண்டிருக்க மாட்டான்.

கூவாகத்துக்கு வருகிறேன். இந்தப் பேச்சின் மையம் அதுதான்.

கதை உங்களுக்குத் தெரியும். வடமொழிப் பாரதத்தில் அரவான் எட்டாம் நாள் போரில் மடிகிறான். தமிழில் பெருந்தேவனாரிலும் வில்லிபுத்தூராரிலும் களபலியாகிறான். பலிக்கு முன் ஒரு நாளாவது மணவாழ்க்கை வேண்டும் என்று அவன் கேட்பதும், நாளை சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று ஊர் தயங்க, கண்ணனே மோகினியாக வந்து மாலையிடுவதும் நாட்டாரிடம் பிறந்த பகுதி. செஞ்சி வட்டாரம் திரௌபதி அம்மன் வழிபாட்டின் தாய்வீடு. மேலச்சேரிக் கோயிலைத்தான் ஆதிக்கோயில் என்பார்கள். ஆல்ப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் 1988-இல் திரௌபதி வழிபாடு பற்றிய தம் பெருநூலுக்கு 'செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை' என்று பொருள்படும் துணைத்தலைப்பு வைத்தார். அந்தப் பாரத மண்ணின் தெற்கு ஓரத்தில், உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில், கூவாகத்தில், சித்திரை மாதம் பதினெட்டு நாள் அரவானாகிய கூத்தாண்டவருக்குத் திருவிழா.

இந்தியா முழுவதிலிருந்தும் திருநங்கைகள் வருகிறார்கள். பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். இரவெல்லாம் கும்மியும் பாட்டும். வேண்டுதல் இருக்கிற ஊர் ஆண்களும், சின்னப் பையன்களும்கூட அந்தச் சாமிக்குத் தாலி கட்டிக்கொள்வது உண்டு. செய்திகளில் வராத விஷயம் இது. மீசை வைத்த விவசாயி கழுத்தில் மஞ்சள் கயிறோடு டீக்கடையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் காலை தேர் புறப்பட்டுப் பந்தலடிக்குப் போகிறது. தாலி அறுப்பு. வளையல் உடைப்பு. ஒப்பாரி. குளித்து வெள்ளைப் புடவை.

இதோடு கேமராக்கள் மூட்டை கட்டிவிடும். பத்திரிகைப் படங்களும் ஆவணப்படங்களும் கதைகளும் இந்த வெள்ளைப் புடவையில்தான் முடிகின்றன. நானும் என் ஆரம்பக் கதைகள் மூன்றை அப்படித்தான் முடித்தேன். பிறகு ஒரு வருஷம் ஊருக்குத் திரும்பும் பேருந்தைத் தவறவிட்டேன். அதனால் சாயங்காலம் வரை தங்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் பார்த்தேன், திருவிழா முடியவே இல்லை. மாலையில் பலிசாதப் படையல். இரவானதும் காளி கோயிலில் அரவானுக்கு உயிர்ப்பு. காலையில் செத்த கூத்தாண்டவர் இரவு எழுந்துவிடுகிறார். அதன்பின் தருமர் பட்டாபிஷேகம் நடந்துதான் விழா நிறைவடைகிறது.

என் பக்கத்தில் வயதான ஒரு திருநங்கை உட்கார்ந்திருந்தார். வெள்ளைப் புடவைதான் கட்டியிருந்தார். மடியிலிருந்து வெற்றிலைப் பெட்டியை எடுத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, எனக்கும் ஒன்று நீட்டினார். கூட வந்தவர்களெல்லாம் எங்கே என்றேன். "மதியமே வண்டி ஏறிடுச்சுங்க. ராத்திரி எங்கூட்டுக்காரரு எந்திரிப்பாரு. ஒருத்தராவது இருக்க வேணாமா?" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் எழுதிய மூன்று கதைகளையும் திரும்பப் பிரித்தேன். செத்துப்போன காதலையே நாம் மன்னிக்கிறோம் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அரவான் சாகிறான் என்பதால் அவன் கல்யாணம் புனிதம். மோவுத்துக்காரன் விழுகிறான் என்பதால் அவன் சிநேகம் காவியம். உயிரோடு இருந்து மறுவாரம் ரேஷன் கடைக்குச் சேர்ந்து போயிருந்தால்? ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று எனக்குத் தெரியும். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் 377-ஆம் பிரிவிலிருந்து எங்களை விடுவித்தது. 2023 அக்டோபர் 17 அன்று, திருமண உரிமையைத் தர நீதிமன்றத்தால் ஆகாது, அது நாடாளுமன்றத்தின் வேலை என்றது. குற்றவாளி இல்லை, ஆனால் கூடி வாழ்வதற்குப் பேரும் இல்லை. பந்தலடியில் நிற்கிறோம். இரவு வர வேண்டும். காதல் கதை எழுதுகிறவன் அந்த இரவை எழுதக் கடமைப்பட்டவன் என்பது என் நம்பிக்கை.

கூவாகம் பற்றி எழுத விரும்பும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தாலி திருநங்கைகளுடையது. சு. சமுத்திரம் 1994-இல் 'வாடாமல்லி' எழுதியபோது வெளியிலிருந்து ஒருவர் பரிவோடு பார்த்ததே பெரிய காரியமாக இருந்தது. அதன்பின் அ. ரேவதியும், 'நான், சரவணன் வித்யா' எழுதிய லிவிங் ஸ்மைல் வித்யாவும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதினார்கள். அவர்களைப் படிக்காமல் அரவானைத் தொடாதீர்கள். ஆணை நேசிக்கும் ஆணான எனக்கும் இது பொருந்தும். நான் கூவாகத்தில் விருந்தாளி. விருந்தாளி அழுகையை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு போவது முறையில்லை.

எல்லாப் பழங்கதையும் நமக்கு உதவும் என்று நான் நினைக்கவில்லை. அல்லி அரசாணி மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையில் ஆண் நிழல் படாமல், பெண்களை வைத்தே படையும் மந்திரமும் நடத்திய அரசி. அர்ச்சுனன் பாம்பாக உருமாறி அவள் படுக்கைக்குள் நுழைகிறான், உறக்கத்தில் தாலி கட்டுகிறான். நூறு வருஷமாக இதை மேடையில் சரசமாக ஆடினோம். குழந்தைகளோடு உட்கார்ந்து பார்த்தோம். அவள் அறியாமல் கட்டியது நமக்குக் காதலாகத் தெரிந்தது. விரும்பி ஓடி வந்த மோவுத்துக்காரன் மட்டும் இழிவா? அல்லியைப் பற்றி ஒரு தோழி எழுதிக்கொண்டிருக்கிறார். அதில் அர்ச்சுனன் வருவதற்கு முந்தைய நாளோடு கதை முடிகிறது. அந்த அரண்மனையில் அல்லிக்குத் தலைவாரிவிடுகிறவள்தான் கதை சொல்கிறாள். சீக்கிரம் வர வேண்டும் என்று காத்திருக்கிறேன்.

நாட்டார் கதையை எப்படி எடுத்தாளலாம் என்பதற்கு எனக்கு ஆசான் ராஜஸ்தானத்து விஜய்தான் தேத்தா. போருந்தா கிராமத்தில் உட்கார்ந்து ஊர்க் கதைகளைக் கேட்டு, 'பாதாம் ரீ புல்வாரி' என்று பதினான்கு தொகுதிகளாக எழுதியவர். மணி கௌல் படமாக எடுத்த 'துவிதா' அவருடையதுதான். அவருடைய 'தோஹ்ரி ஜூன்' கதையில் இரண்டு தகப்பன்மார், பிறக்கப்போகும் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசிவிடுகிறார்கள். இரண்டும் பெண்ணாகப் பிறக்கின்றன. ஒருவர் பேராசையால் மகளை மகனாக வளர்த்துக் கல்யாணமும் செய்துவிடுகிறார். முதலிரவில் உண்மை தெரிகிறது. தீஜாவும் பீஜாவும் பிரிய மறுக்கிறார்கள். மனிதர்கள் துரத்துகிறார்கள், பேய்கள் அடைக்கலம் தருகின்றன. பேய்களின் தலைவன் பீஜாவுக்கு ஆணுடம்பையே வரமாகக் கொடுக்கிறான். நம் ஊர்ப் புராணம் என்றால் இங்கே சுபம் போட்டிருப்போம். தேத்தா போடவில்லை. ஆணான பீஜா அதிகாரம் செய்யத் தொடங்குகிறாள், நேசம் கெடுகிறது, கடைசியில் வரத்தை விட்டுவிட்டுப் பெண்ணாகவே திரும்புகிறாள். இரண்டு பெண்களாகவே வாழ்கிறார்கள். கல்யாணத்துக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் அந்தக் கதையில் இருக்கின்றன. சாகாமல், உடம்பு மாறித் தப்பிக்காமல், வாழ்வது. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனி, இப்போது எழுதிக்கொண்டிருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

செட்டிகுளக் கரையில் தேசிங்கின் சிதையில் ராணிபாய் இறங்கினாள் என்பது கதை. அவள் நினைவாக நவாப் ராணிப்பேட்டைக்குப் பெயர் வைத்தார் என்பார்கள். நீலாம்பூண்டியில் மோவுத்துக்காரனுக்குச் சமாதி இருக்கிறது, குதிரைக்கும் இருக்கிறது. வழுதாவூர்ப் பெண்ணுக்கு எங்கும் ஒன்றும் இல்லை. ஆயா சொன்ன கதையில் அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது. பந்தலில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவே. நாற்பது வருஷம் கழித்து அந்தப் பழைய கேள்விக்கு நானே பதில் எழுத வேண்டியிருக்கிறது.

என் கதையில் ராணிபாய் நெருப்பில் இறங்கவில்லை. குளக்கரைக் கூட்டத்திலிருந்து நழுவி, மாட்டு வண்டி ஒன்றில் ஏறி, கிழக்கே போகிறாள். போகிற இடம் எது என்று வண்டிக்காரனிடம் சொல்ல அவளுக்குத் தெரிந்த ஒரே ஊர்ப்பெயர் வழுதாவூர்; கணவன் வாயிலிருந்து திரைக்கு அப்பால் அடிக்கடி கேட்ட பெயர். மூன்றாம் நாள் போய்ச் சேர்கிறாள். பந்தற்கால் இன்னும் பிடுங்கவில்லை. ஓலை உலர்ந்து சுருண்டிருக்கிறது. வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் நகக்கண்ணில் மட்டும் மருதாணி மிச்சம். இவள் பேசுவது புந்தேலி, அவள் பேசுவது தக்கனி உருது. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பாதி புரியும்.

"யாரு?"

"செஞ்சியிலேர்ந்து வர்றேன்."

அந்தப் பெண் எழுந்து, வாசலில் தொங்கும் துணியை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொள்கிறாள்.

"வெயில்ல நிக்கிறீங்களே, உள்ள வாங்க."

அது வரைக்கும் எழுதியிருக்கிறேன்.